தூரம் ஒன்று, நேரம் இரண்டு
(டில்லி – டோக்கியோ விமானப் பயணம்: ஒரு விளக்கம்)

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

தூரம் மாறாவிட்டால் பயண நேரமும் மாறாது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து வர இருபது நிமிடம் ஆகுமென்றால், பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கவும் அதே இருபது நிமிடந்தான். (வாசலில் நெல்லிக்காய்க் கூடையருகே நாம் நின்றுவிடும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை!) ஆனால் இந்தியாவின் தலைநகரான டில்லிக்கும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்கும் இடையே பறக்கும் விமானங்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் டில்லியிலிருந்து டோக்கியோ செல்ல ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகிறது. டோக்கியோவிலிருந்து டில்லி திரும்பவோ ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் ஆகிறது. ஊர்கள் அவையே, விமானமும் அதே வகை, விமானியின் திறமையிலும் குறைவில்லை. அப்படியானால் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால் புவியியல், கணிதம், இயற்பியல், வரலாறு ஆகிய நான்கு பாடங்களின் கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. தேர்வு நாட்களில் தனித்தனி வினாத்தாள்களாக வந்து நம்மை மிரட்டும் இப்பாடங்கள், வானத்தில் ஒரே விமானத்தில் ஒன்றாக அமர்ந்து பயணம் செய்கின்றன என்பதை அறியும்போது வியப்பாக இருக்கிறது. தோழியரே, வாருங்கள், ஒவ்வொன்றாகக் காண்போம்.

நூலால் அளந்த தூரம்

முதலில் தூரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் தேசப்படத்தில் டில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தால் அதுவே குறுக்குவழி என்று தோன்றும். ஆனால் பூமி உருண்டை, தேசப்படமோ தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது ஏதேனும் ஒன்று கோணித்தான் போகும். ஆகவே உண்மையான குறுக்குவழியை அறியப் பூகோள உருண்டையையே நாட வேண்டும்.

எங்கள் புவியியல் அறையில் 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை ஒன்று இருக்கிறது. அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ. ஒரு நூலின் நுனியை டில்லியில் பிடித்து, மறுபுறத்தை டோக்கியோவில் வைத்து இறுக்கி இழுத்தோம். நூலின் நீளம் பதினான்கு செ.மீட்டருக்குச் சற்றே குறைவு, 13.8 என்று வைத்துக்கொண்டோம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. அல்லவா? 94 செ.மீட்டருக்கு 40,000 கி.மீ. என்றால் 13.8 செ.மீட்டருக்கு எவ்வளவு? 5,870 கி.மீ. என்று விடை வந்தது.

பின்னர் எங்கள் கணித ஆசிரியையின் உதவியோடு, இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு சைன், கொசைன் அட்டவணைகளால் கணக்கிட்டோம். பூமியின் மையத்தில் இவ்விரு நகரங்களும் தாங்கும் கோணம் ஏறக்குறைய 52.7 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் தூரம் சுமார் 5,850 கி.மீ. வெறும் நூல் சொன்ன விடைக்கும் முக்கோணவியல் சொன்ன விடைக்கும் இருபது கி.மீட்டரே வேறுபாடு! இவ்வாறு உருண்டையின் மேல் இரு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பர்.

இப்பாதையில் இன்னொரு விந்தையும் உண்டு. நூல் நாம் எதிர்பார்க்கும் வழியே போவதில்லை. டில்லியிலிருந்து வடகிழக்கே ஏறி, திபெத்தைத் தாண்டி, சீனாவின் லான்ஜோ நகரத்தருகே சென்று, மஞ்சள் கடலையும் கொரியாவையும் கடந்து டோக்கியோவை அடைகிறது. நடுவழியில் அது தட்டைப் படத்துக் கோட்டைவிட நானூறு கி.மீட்டருக்கும் மேலாக வடக்கே விலகியிருக்கிறது. வளைந்து செல்வதுபோல் தோன்றும் இந்த வழியே எண்பது கி.மீட்டருக்கும் மேல் குறைவானது!

குறுக்குவழியில் நிற்கும் மலை

குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் விமானங்கள் வழக்கமாக அவ்வழியே செல்வதில்லை. காரணம், குறுக்கே இமயமலையும் திபெத் பீடபூமியும் நிற்கின்றன.

‘விமானம் பத்துப் பதினொரு கி.மீ. உயரத்தில் அல்லவா பறக்கிறது? எவரெஸ்ட் சிகரமே 8,849 மீட்டர்தானே?’ என்று கேட்கலாம். பறப்பதில் தொல்லையில்லை, இறங்க நேர்ந்தால்தான் தொல்லை. அவ்வளவு உயரத்தில் மூச்சுவிடப் போதுமான காற்று இல்லை. ஆகவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஏதேனும் பழுதினால் அந்த அழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகளின் தலைக்கு மேலிருந்து பிராணவாயு முகமூடிகள் தொங்கும். பெரும்பாலான விமானங்களில் அவை கால் மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்கே போதுமானவை. அதற்குள் விமானி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமோ 4,500 மீட்டருக்கும் மேல்! தரையே அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது விமானம் எங்கே இறங்கும்?

எனவே டில்லியிலிருந்து கிளம்பும் விமானங்கள் வழக்கமாக இமயத்தின் தெற்கே ஒதுங்கி, கங்கைச் சமவெளியின் மேல் பறந்து, வங்காளதேசம், வடகிழக்கு இந்தியா, பர்மாவின் வட பகுதி வழியாகச் சீனாவின் குன்மிங் நகரப் பக்கம் திரும்பி, பின்னர் கிழக்கே செல்கின்றன. இந்த வழியும் எளிதாகக் கிடைத்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை அஸ்ஸாமிலிருந்து குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற நூற்றுக்கணக்கான விமானங்கள் இம்மலைகளில் நொறுங்கின. இன்று பயணிகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உறங்கும் வழி அது.

இவ்வாறு ஒதுங்கிச் செல்வதால் பயணத் தூரம் சில நூறு கி.மீ. கூடிவிடுகிறது. கணக்கின் வசதிக்காக அதை 6,300 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆயினும் இது இரு திசைக்கும் பொது. போகும்போதும் மலை உண்டு. வரும்போதும் மலை உண்டு. ஆகவே தொலைந்த இரண்டு மணி நேரத்தை இமயமலை திருடவில்லை என்று அதை விடுவித்துவிடலாம்.

கடிகாரம் காட்டும் மாயம்

அடுத்து நாம் சந்தேகிக்க வேண்டியது கடிகாரத்தை. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஜப்பானிய நேரம் 135 பாகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே 52½ பாகை. பதினைந்து பாகைக்கு ஒரு மணி வீதம் வகுத்தால் மூன்றரை மணி. அதாவது டில்லியில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது டோக்கியோவில் விடியற்காலை மூன்றரை.

இப்போது ஓர் உதாரணம். டில்லியில் இரவு 8 மணிக்கு ஏறும் ஒருவர் ஏழரை மணி நேரம் பறந்து டோக்கியோவில் இறங்குகிறார். அவர் கைக்கடிகாரத்தில் அதிகாலை மூன்றரை. விமான நிலையக் கடிகாரத்தில் காலை 7 மணி. பயணச்சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது பதினொரு மணி நேரப் பயணமாகத் தோன்றும். திரும்பும்போது டோக்கியோவில் காலை 11 மணிக்கு ஏறி ஒன்பதரை மணி நேரம் பறந்தால், டில்லியில் அன்று மாலை 5 மணி. சீட்டின்படி ஆறே மணி நேரம்!

ஆகவே கடிகார முகத்தை நம்பினால் போவது நீண்டதாகவும் வருவது குறுகியதாகவும் தோன்றும். உண்மையோ நேர்மாறு. விமானத்தில் எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தோம் என்று அறிய வேண்டுமானால், போகும்போது மூன்றரை மணியைக் கழிக்க வேண்டும். வரும்போது மூன்றரை மணியைக் கூட்ட வேண்டும். இதைச் செய்த பிறகும் ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் உள்ள வேறுபாடு அப்படியே நிற்கிறது. கடிகாரமும் குற்றவாளி அன்று.

பூமி சுழல்வதாலா?

எங்கள் வகுப்பில் இக்கேள்வியை முதலில் எழுப்பியவள் என் தோழி ஒருத்தி. அவளுடைய அப்பா டோக்கியோவில் பொறியாளராகப் பணிபுரிகிறார். ஆண்டுக்கு ஒரு முறை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டில்லி வழியாக ஊருக்கு வருகிறார். “அப்பா எங்களை விட்டுப் போகும்போது சீக்கிரம் போய்விடுகிறார், வரும்போதுதான் இவ்வளவு நேரமாகிறது” என்று அவள் பாதி விளையாட்டாகவும் பாதி வருத்தமாகவும் சொன்னாள்.

உடனே வகுப்பில் பலர், “பூமி சுழல்கிறதல்லவா, அதனால்தான்” என்றார்கள். ஆனால் சற்றே சிந்தித்தால் அந்த விடை காலை வாரிவிடுகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. விமானத்தின் அடியில் தரை நழுவி ஓடுவது உண்மையானால், டோக்கியோ கிழக்கே விலகி ஓட, போகும் பயணம் அல்லவா நீள வேண்டும்? நடப்பதோ அதற்கு எதிர்.

ஓடுகின்ற ரயிலில் அமர்ந்து ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து பாருங்கள். அது நம் கையிலேயே வந்து விழும். பின்னால் இருப்பவர் மடியில் விழாது. ஏனெனில் ரயிலின் வேகம் பழத்துக்கும் உண்டு. அதுபோலவே பூமியின் வேகம் அதன்மேல் உள்ள காற்றுக்கும், அக்காற்றில் மிதக்கும் விமானத்துக்கும் உண்டு. தரை, காற்று, விமானம் மூன்றும் சேர்ந்தே சுழல்கின்றன.

அப்படியானால் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது விமானத்தை நேராகத் தொடுவதில்லை. காற்றின் வழியாகத் தொடுகிறது. நில நடுக்கோட்டில் தரையும் காற்றும் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கின்றன. முப்பது பாகை வடக்கே வந்தால் வட்டம் சிறியது. அங்கே தரையின் வேகம் சுமார் 1,450 கி.மீ. மட்டுமே. வெப்பமண்டலத்தில் சூடாகி மேலெழும் காற்று வடக்கு நோக்கி நகரும்போது, தான் பெற்ற கிழக்கு நோக்கிய வேகத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறது. தனக்குக் கீழே உள்ள தரையைவிட அது வேகமாகக் கிழக்கே பாய்கிறது. இதனோடு வடக்கே உள்ள கடுங்குளிருக்கும் தெற்கே உள்ள வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு சேர, வானத்தின் உச்சியில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் காற்றாறு ஓடத் தொடங்குகிறது. இதற்கு ஜெட் காற்று என்று பெயர்.

குளிர்காலத்தில் சைபீரியாவின் குளிர் மிகும்போது இந்த ஆறு தெற்கே இறங்கி வலுப்பெறுகிறது. இரண்டு கிளைகளாக வரும் இவ்வாறு ஜப்பானுக்கு அருகே ஒன்று கூடுவதால், உலகிலேயே மிக வலிமையான ஜெட் காற்று வீசும் இடங்களில் ஜப்பானின் வானமும் ஒன்று. சில நாட்களில் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீட்டரையும் தாண்டும். கோடையில் அது வடக்கே விலகி மெலிந்துவிடும். அதனால்தான் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு கோடையில் சுருங்கிவிடுகிறது.

யாரும் படிக்காத அறிக்கை

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர் டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ததேனோ வானிலை ஆய்வுக்கூடத்தின் தலைவர் வாசாபுரோ ஓயிஷி. 1923 முதல் 1925 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அவர் சிறு பலூன்களை வானில் விட்டு, அவை எவ்வளவு விரைவாக எந்தத் திசையில் செல்கின்றன என்று தொலைநோக்கியால் பின்தொடர்ந்து குறித்தார். குளிர்காலத்தில் ஒன்பது கி.மீ. உயரத்தில் மணிக்கு 250 கி.மீ. அளவில் மேற்குக் காற்று வீசுவதைக் கண்டார்.

உலக மக்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு 1926-இல் அவர் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். யாவருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்ட அம்மொழியை அறிந்தவர் மிகச் சிலரே. பாவம், அறிக்கை அலமாரியில் உறங்கியது!

1944 நவம்பரில் டோக்கியோவின் மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் தடுமாறியபோதுதான் மற்றவர்களுக்கு இதன் வலிமை புரிந்தது. அதே மாதம் ஜப்பானியர் வெடிகுண்டு கட்டிய காகித பலூன்களை இதே காற்றில் அமெரிக்காவை நோக்கி மிதக்கவிடத் தொடங்கினர். அவற்றில் ஒன்று 1945 மே 5 அன்று ஆரிகன் மாநிலத்தில் ஒரு காட்டில் வெடித்து, சுற்றுலா வந்த ஐந்து சிறார்களையும் ஒரு பெண்மணியையும் கொன்றது. போர் முடிந்தபின் 1952 நவம்பரில் ஒரு பயணி விமானம் டோக்கியோவிலிருந்து கிழக்கே ஹோனலூலுவுக்கு இக்காற்றின் மேலேறிப் பறந்தது. வழக்கமாகப் பதினெட்டு மணி நேரம் ஆகும் பயணம் பதினொன்றரை மணி நேரத்தில் முடிந்தது. காற்று ஒன்றே, அதன்மேல் எதை ஏற்றி அனுப்புகிறோம் என்பது மனிதர் கையில் இருக்கிறது.

காற்று கொடுப்பதும் எடுப்பதும்

இப்போது நம் கணக்குக்கு வருவோம். காற்றே இல்லாத நாளில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்க. 6,300 கி.மீ. பறக்க 7 மணி நேரம். போக ஏழு, வர ஏழு, ஆகப் பதினான்கு.

குளிர்காலத்தில் வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 150 கி.மீ. மேற்குக் காற்று வீசுகிறது என்று கொள்வோம். போகும்போது காற்று பின்னிருந்து தள்ளுவதால் தரையை வைத்துப் பார்த்தால் வேகம் 1,050 கி.மீ. 6,300-ஐ 1,050-ஆல் வகுத்தால் 6 மணி நேரம். வரும்போது காற்று எதிர்த்து நிற்பதால் வேகம் 750 கி.மீ. 6,300-ஐ 750-ஆல் வகுத்தால் 8 மணி 24 நிமிடம். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், கீழே இறங்கவும் ஒவ்வொரு பயணத்திலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேரும். கால அட்டவணைக்கு அருகே வந்துவிட்டோம் அல்லவா? தொலைந்த இரண்டு மணி நேரம் காற்றிடம் அகப்பட்டுவிட்டது!

ஆனால் இதில் நான் மிகவும் வியந்தது இனிமேல்தான். ‘போகும்போது காற்று உதவுகிறது, வரும்போது தடுக்கிறது, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும்’ என்றே எவரும் நினைப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: 6 மணியும் 8 மணி 24 நிமிடமும் சேர்ந்தால் 14 மணி 24 நிமிடம். காற்றே இல்லாத நாளைவிட 24 நிமிடம் அதிகம்! போகும்போது காற்று கொடுத்தது ஒரு மணி நேரம். வரும்போது அது எடுத்துக்கொண்டது ஒரு மணி 24 நிமிடம்.

ஏன் இப்படி? உதவும் காற்றில் விமானம் ஆறு மணி நேரமே இருக்கிறது. தடுக்கும் காற்றிலோ எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நன்மை குறைந்த நேரம் கிடைக்கிறது. தொல்லை நீண்ட நேரம் நீடிக்கிறது. ஆகவே காற்று தருவது இனாம் அன்று. வட்டிக்குத் தரும் கடன். காற்றின் வேகம் கூடக்கூட வட்டியும் கூடும். 1,050-க்கும் 750-க்கும் சராசரி 900 என்று அவசரமாக எழுதுபவர்கள் இந்த வட்டியைக் காணமாட்டார்கள். வேகங்களின் சராசரியை எடுக்காமல் நேரங்களைக் கூட்ட வேண்டும் என்று நம் கணித ஆசிரியை திரும்பத் திரும்பக் கூறுவதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது.

உயிரோடு தொடர்புள்ள கணக்கு

இது வெறும் பாடப்புத்தகக் கணக்காக இருந்தால் விடை தவறினால் இரண்டு மதிப்பெண் போகும். வானத்தில் அப்படியன்று. நடுத்தர அளவுள்ள நெடுந்தூர விமானம் ஒன்று, எடுத்துக்காட்டாக போயிங் 787, மணிக்கு ஏறக்குறைய 5 டன் எரிபொருளைக் குடிக்கிறது. நம் கணக்கின்படி திரும்பும் பயணத்துக்கு 2 மணி 24 நிமிடம் கூடுதலாகத் தேவை. அதற்கு 12 டன். அதாவது ஒரு தண்ணீர் லாரி நிறையும் அளவுக்கு மேலான எரிபொருள். வழியில் நிறுத்தி நிரப்பிக்கொள்ள வானத்தில் பெட்ரோல் பங்க் இல்லை. டோக்கியோவில் கிளம்பும்போதே அதைச் சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் வேண்டும்!

ஆதலால் விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே, வானிலை ஆய்வாளர்கள் தரும் காற்று வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு தரையில் சிலர் கணக்கிடுகிறார்கள். டில்லியை அடையத் தேவையான எரிபொருள், டில்லியில் மூடுபனி இருந்தால் வேறு விமான நிலையத்துக்குச் செல்லத் தேவையான எரிபொருள், அதற்கும் மேல் அரை மணி நேரம் வானில் வட்டமிடத் தேவையான எரிபொருள், எதிர்பாராத தேவைக்கென இன்னும் சிறிது. இவ்வளவும் சேர்த்தே நிரப்புகிறார்கள். டில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி மிகுதி. எதிர்க்காற்றும் அப்போதுதான் மிகுதி. இரண்டு தொல்லையும் ஒரே காலத்தில் வருகின்றன.

விமானிகள் காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. கிழக்கே போகும்போது காற்றாற்றின் வேகமான நடுப்பகுதியைத் தேடிச் செல்வர். மேற்கே வரும்போது அதை விட்டு விலகியோ உயரத்தை மாற்றியோ பறப்பர். கொஞ்சம் சுற்றிப் போனாலும் அதுவே விரைவு. ஆகவே போகும் பாதையும் வரும் பாதையும் பல நாட்களில் ஒன்றாக இருப்பதில்லை.

காற்றை மதிக்காவிட்டால் நேரம் மட்டும் வீணாவதில்லை. 1966 மார்ச் 5 அன்று டோக்கியோவிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட பிரிட்டிஷ் விமானம் ஒன்று பியூஜி மலையருகே சென்றது. வானம் தெளிவாக இருந்தது, மேகமே இல்லை. ஆனால் மலையின் மேல் மோதித் திரும்பிய பலத்த காற்று மறுபுறத்தில் பெரும் சுழலாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. விமானம் அதில் சிக்கி உடைந்தது. அதிலிருந்த 124 பேரும் மாண்டனர். கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது. இருக்கை வார் போட்டுக்கொள்ளுங்கள் என்று விமானத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல என்பதை இதனால் அறியலாம்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

இந்தியாவிலிருந்து ஜப்பான் செல்பவர் காற்றைக் கேட்டே பயணம் செய்வது புதிய பழக்கமன்று. புனித சவேரியார் 1549 ஏப்ரலில் கோவாவிலிருந்து கப்பலேறினார். மலாக்காவில் இறங்கி, அங்கிருந்து ஒரு சீனரின் பாய்மரக் கப்பலில் ஜூன் 24 அன்று புறப்பட்டார். தென்மேற்குப் பருவக்காற்று நின்றுவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். கப்பல் தலைவனோ வழியில் தீவுகளில் நின்று நின்று காலம் கடத்தினான். ஒருவாறாக ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமா துறையை அடைந்தனர். கோவாவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு மாதம்.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் தேவை நீங்கியது. 1916 மே மாதத் தொடக்கத்தில் கல்கத்தாவில் கப்பலேறிய மகாகவி தாகூர் அம்மாத இறுதியில் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் இறங்கினார். 1950-களின் நடுவில் ஏர் இந்தியா விமானங்கள் பாங்காக், ஹாங்காங் வழியாக நின்று நின்று டோக்கியோ சென்றன. நான்கு மாதம் நான்கு வாரமாகி, வாரங்கள் நாட்களாகி, இன்று ஓர் இரவாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் சவேரியார் காலத்து மாலுமி வானத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றைய விமானியும் கேட்கிறார்: ‘இன்று காற்று எப்படி?’

முடிவாக

தோழியரே, இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பூமியின் உருண்டை வடிவம் முடிவு செய்கிறது. பாதையை மலைகளும் மனிதரின் பாதுகாப்பும் முடிவு செய்கின்றன. நேரத்தையோ காற்று முடிவு செய்கிறது. அந்தக் காற்றைப் பூமியின் சுழற்சியும் சூரியனின் வெப்பமும் ஆட்டிவைக்கின்றன. ஆகவே இனி யாராவது உங்களிடம், ‘டோக்கியோ எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் 5,850 கி.மீ. என்று உடனே சொல்லிவிடலாம். ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்டால் மட்டும் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்: போகவா, வரவா? குளிர்காலமா, கோடையா? யாருடைய கடிகாரத்தில்?

திரும்பும் பயணத்துக்கு வேண்டியதைக் கணக்கிட்டு நிரப்பிக்கொண்ட பின்னரே ஒரு நல்ல விமானி டோக்கியோவின் ஓடுபாதையை விட்டு எழுகிறார். அந்தக் கணக்கு சரியாக இருப்பதால்தான், அடர்ந்த பனியில் ஜனவரி மாதத்து மாலையில், டில்லி விமான நிலையத்தின் வாசலில் பிள்ளைகள் தம் அப்பாக்களைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்கள்.